சட்டி உடைக்கும் நாளுக்கு ஒரு கவைக்கொம்பு

போன மாதம் என் பேரன் ஒரு முக்காலி வாங்கினான். உட்காருகிற முக்காலி இல்லை, போனை உச்சியில் மாட்டி வீடியோ எடுக்கிற முக்காலி. ஒரகடத்தில் காலை ஷிப்ட் முடிந்து வந்தவன், யூனிபாரம்கூட மாற்றாமல் அதைக் கூடத்தில் நிறுத்திவைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலை நீட்டினால் இன்னொரு கால் தூக்கிக்கொள்கிறது.

"ஆடுதே ஆயா. வேற மாடல் வாங்கியிருக்கணும்."

"காலை இன்னும் கொஞ்சம் அகட்டுடா. உசரத்தைக் கொறை. கண்ணு மட்டத்துக்கு இன்னாத்துக்கு, மாரு மட்டத்துக்கு வை" என்றேன்.

வைத்தான். நின்றது. "உனக்கு எப்டி ஆயா தெரியும்?" என்று வாயைப் பிளந்தான்.

எப்படித் தெரியுமா? நல்லாக் கேட்டான் போங்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கடலைப் பருவம் முழுக்க இதே பேச்சுதான். போனுக்கு இல்லை, துப்பாக்கிக்கு.

என் வயதுக்காரர்கள் நீங்கள் நம்புவீர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் "சும்மா ரீல் விடாத ஆயா" என்கிறார்கள். ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நிலம் போச்சே, ஏரி போச்சே என்று ஒப்பாரி வைக்கப் போவதில்லை. கடலைக் கொல்லையில் குனிந்து முதுகு ஒடிந்தவர்களுக்குத்தான் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற அருமை தெரியும். நான் எழுத வந்தது என் அப்பாவின் கையைப் பற்றி.

அப்போது வடக்குப்பட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த மேட்டுக்கொல்லை எல்லாம் வேர்க்கடலைதான். இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடம். கொல்லையை ஒட்டிக் காப்புக்காடு. கடலை காய் பிடித்ததும் காட்டிலிருந்து பன்றி இறங்கும்; அதன் பின்னாலேயே மானும் இறங்கும். பன்றி மண்ணைக் கிளறிக் காயைத் தின்னும், மான் தழையை மேயும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் உழைப்பு காலி. இவற்றை விரட்ட ஊருக்கு ஒரே ஒரு துப்பாக்கி இருந்தது. குழல் வாயில் மருந்தைப் போட்டு, குச்சியால் இடித்துக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. லைசென்ஸில் இரண்டு பெயர்கள், ஒன்று அப்பா, இன்னொன்று பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அப்பாவின் தோளில்தான் தொங்கியது.

அப்பா மானைச் சுட மாட்டார். வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போடுவார். "சத்தத்துக்கே ஓடுதுங்க. பாவம், அதுங்களை இன்னாத்துக்கு அடிக்கணும்?" என்பார். மறுநாள் காலையில் அவர் சட்டையில் வெடிமருந்து வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும். குழலுக்கு எண்ணெய் போடுவது அம்மா. அந்தத் துப்பாக்கி ஒன்றுதான் அப்பாவுக்கு ஊரில் இருந்த மரியாதை. மற்ற நாட்களில் 'டேய்' என்று கூப்பிடுகிறவர்கள்கூட, அது தோளில் ஏறிவிட்டால் "காவல்காரரே" என்பார்கள்.

ஆனால் அந்த மரியாதையை வருடா வருடம் சம்பாதிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கடலை பூ விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் சட்டி உடைப்பார்கள். கரியாலும் சுண்ணாம்பாலும் கண்ணும் பல்லும் வரைந்த திருஷ்டிச் சட்டி ஒன்றை மொட்டைப் பனையின் தலையில் கவிழ்த்து வைப்பார்கள். காவலுக்குப் போகிறவன் கரையில் நின்று அதைச் சுட்டு உடைக்க வேண்டும். வேடிக்கைக்காக இல்லை. கொல்லைக்குக் கொல்லை பரண் போட்டு ஆட்கள் படுத்திருப்பார்கள். கை தவறினால் பன்றிக்குப் பதில் மனுஷன் போய்விடுவான். அதனால், சட்டி உடைந்தால்தான் துப்பாக்கி அவன் கையில் தங்கும். உடையாவிட்டால் அடுத்தவனுக்குப் போகும். அடுத்தவர் என்றால் மாமா.

எனக்குப் பத்து வயதான அந்த வருடத்துக்கு முந்தைய வருடம்தான் அப்பாவின் கை ஆட ஆரம்பித்தது. மடியில் வைத்திருக்கும்போது சாதுவாக இருக்கும். எதையாவது எடுத்து நீட்டினால் போதும், பிடித்துக்கொள்ளும். டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி டீ வேட்டியில். பீடியைப் பற்றவைக்க நாலு குச்சி கிழிப்பார். யாராவது பார்த்துவிட்டால் தீப்பெட்டி நமுத்துப்போச்சு என்பார். மழையே பெய்யாத மாதத்தில்!

சாயங்காலம் மட்டும் கை நின்றுவிடும். ஏனென்றால் சாயங்காலம் அவர் பனந்தோப்புப் பக்கம் போய் ஒரு மொந்தை கள் குடித்துவிட்டு வருவார். ஒன்றுதான், அதற்கு மேல் இல்லை. வந்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கச் சொன்னால்கூடக் கோத்துக் கொடுப்பார். இதைப் பார்த்து அம்மா ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள்.

"குடிச்சா நிக்குது, குடிக்கலன்னா ஆடுது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? குடி கையில ஏறிடிச்சி" என்பாள்.

"ஒரு மொந்தைல இன்னாமே ஏறும்?"

"ஏறினதைத்தான் ஊரே பாக்குதே."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அவருக்கே அப்படித்தான் என்று ஒரு சந்தேகம் இருந்திருக்கும் போல.

ஆனால் ஒன்று. வீட்டுக்குள் அவரை இந்த வாங்கு வாங்குகிற அம்மா, வெளியில் ஒரு வார்த்தை விட மாட்டாள். மாமா ஒருநாள் வந்து திண்டாடித் திண்டாடிச் சொன்னார். "தங்கச்சி, கோச்சிக்காத. மாப்ள கை சரியில்ல. இந்த வாட்டி துப்பாக்கி என்னாண்ட இருக்கட்டும். நாளைக்கு எவன் உசுராவது போச்சின்னா அவருக்குத்தான ஜெயிலு?" மாமா கெட்டவர் இல்லை. சொன்னதும் நியாயம்தான். அம்மா கேட்டுக்கொண்டு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் தலை மறைந்ததும் பொரிந்து தள்ளினாள்.

"எங்க அண்ணன் கையாலயே என் புருஷன் கையில இருந்து புடுங்கிக்கினு போவணுமா? அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் பொறந்த வூட்டுக்குப் போறது? ஒரு கொம்பு நட்டு அது மேல வெச்சி சுட்டா ஆடுமா? பாத்துடலாம்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் வீட்டில் கொம்பு பொறுக்கும் படலம்.

முதலில் வந்தது வேப்பங்கொம்பு. கவை அழகுதான். ஆனால் பச்சைக் கொம்பு. குழலின் பாரம் ஏறியதும் மெல்ல வளைந்து, துப்பாக்கி புதுப்பெண் மாதிரித் தலை குனிந்தது. நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அப்புறம் அவளும் சிரித்தாள்.

அடுத்தது கருவேலம். இரும்புதான். நட்டால் நட்ட இடத்தில் நிற்கும். ஆனால் துப்பாக்கியைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்ப வேண்டும் என்றாலும் பிடுங்கித்தான் நட வேண்டும். அப்பா முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே, "நான் புடுங்கி நடற வரைக்கும் பன்னி கையக் கட்டிக்கினு நிக்குமா?" என்றார்.

பிறகு அம்மா மூன்று மூங்கில் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி நிறுத்தினாள். அடடா, அதுதான் நிலை! குழலை உச்சியில் கிடத்தினால் மலை மாதிரி இருந்தது. அதன் உயரத்தை அப்பாவின் மார் மட்டத்துக்குக் கொண்டுவர அம்மா குனிந்து நிமிர்ந்து, கயிற்றை அவிழ்த்துக் கட்டி, கழியை நறுக்கி, ஒரு பகல் பாடுபட்டாள். என் பேரனுக்குச் சொன்ன புத்தி எல்லாம் அங்கே பார்த்ததுதான். அப்பாவின் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் வந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் அம்மாவே அதை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மே, நல்லாத்தான நின்னுது?" என்றார் அப்பா.

"நின்னுது. மூணு காலைத் தூக்கிக்கினு ஏரிக்கரைக்குப் போனா, கை ஆடுதுன்னு தமுக்கு அடிச்ச மாதிரி ஆவாதா? ஊர் சிரிக்கும். பாக்கறவனுக்குச் சும்மா ஒரு கோலுன்னு தெரியணும். ஆடு மேய்க்கறவன் வெச்சிருக்கற மாதிரி."

அவள் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. ஊருக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் நாம். எது நன்றாக நிற்கும் என்று பார்த்தோம். அதைவிட, எது நாலு பேர் கண்ணில் படாது என்று பார்த்தோம். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. காது கேட்காமல் போனாலும் மெஷினை மாட்டிக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் உங்களில் எத்தனை பேர், சொல்லுங்கள்.

கடைசியில் நுணா மரத்துக் கொம்பு ஒன்று அமைந்தது. நேரானது, கைக்கு இலேசானது, பட்டையைச் சீவியதும் மஞ்சள் பூசிய மாதிரி மினுமினுத்தது. கவை மட்டும் குறுகல். அம்மா அடுப்பில் காய்ச்சிய கம்பியால் அதைச் சுட்டுச் சுட்டு அகலமாக்கினாள். குழல் வழுக்காமல் இருக்கப் பழைய புடவையைக் கிழித்து, கவையில் சுற்றித் தைத்தாள். பச்சையில் அரக்குக் கரை போட்ட புடவை. அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு நடந்தால் அப்பாவுக்கு ஒரு தோரணைகூட வந்தது.

அதை வைத்துச் சோதித்தது வீட்டுப் பின்புறத்தில்தான். அப்பா மருந்து போடாத துப்பாக்கியைக் கவையில் வைத்து, இடது கையால் கொம்பையும் குழலையும் சேர்த்துப் பிடிப்பார். நான் பக்கத்தில் நின்று, குழலின் நுனியைச் சுவரில் இருந்த ஒரு விரிசலுக்கு நேராக வைத்துப் பார்த்து, ஆடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். "ஆடல! ஆடவே இல்லம்மா!" என்று நான் குதிப்பேன். உண்மையாகவே ஆடவில்லை.

இப்போது யோசித்தால்தான் தெரிகிறது. நாங்கள் சோதித்ததெல்லாம் சாயங்காலம். பகலில் பார்த்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று, ஆள் நடமாட்டம் குறைந்த பொழுதாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். அப்பா பனந்தோப்புக்குப் போய்விட்டு வந்த பிறகு. அந்த நேரத்தில் கை எப்படியும் நிற்கும் என்பதை மறந்து, கொம்புதான் நிறுத்துகிறது என்று மூன்று பேரும் நம்பினோம்.

நம்பியதால்தான் அம்மா அதைச் செய்தாள். சட்டி உடைப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அப்பாவைக் கெங்கையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன்.

"அதான் கொம்பு கீதே. இனிமே உனுக்கு அந்தக் கருமம் எதுக்கு? சாமி எதிர்ல சொல்லிடு" என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் அம்மனையே பார்த்தார். பிறகு எரிகிற கற்பூரத்தின் மேல் கையை அடித்து, "இனிமே தொடமாட்டேன்" என்றார். அடிக்கும்போதுகூட அந்தக் கை ஆடியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரும் வழியில் எனக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மொட்டைப் பனையின் மேல் சட்டி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அப்பா வெளுத்த வேட்டி கட்டி, ஒரு தோளில் துப்பாக்கியும் ஒரு கையில் நுணாக்கோலுமாக வந்தார். "இன்னா காவல்காரரே, கோலு புதுசா கீது?" என்று யாரோ கேட்டார்கள். "முட்டி வலி" என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மருந்து கெட்டித்தார். கோலை ஊன்றினார். குழலைக் கவையில் வைத்தார். புடவைத் துணியின் அரக்குக் கரை எங்களுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

முதலில் நின்றது. பிறகு வலது கை விசைக்குப் போனது. அந்தக் கையைத் தாங்கத்தான் எந்தக் கொம்பும் இல்லையே! அது ஆட, துப்பாக்கியின் பின்கட்டை ஆட, கட்டையிலிருந்து குழலுக்கு ஏறி, கோலே கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. அப்பா மூச்சைப் பிடித்தார். கீழே இறக்கினார். மறுபடியும் ஏற்றினார். விசையை இழுத்தார். வேட்டுச் சத்தம் கேட்டு ஏரியிலிருந்து கொக்கெல்லாம் எழும்பியது. புகை விலகியதும் பார்த்தால், சட்டி அப்படியே இளித்துக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மாமாதான் முதலில் பேசினார். "இன்னொரு தபா சுடட்டும். காத்து அடிச்சிது" என்றார். காற்றே இல்லை. மாமா அதைச் சொன்னாரே, அதற்காக அவருக்கு இன்றைக்கும் கைகூப்புவேன்.

அந்த நேரத்தில்தான் கள் இறக்குகிறவர், கரையோரம் உட்கார்ந்திருந்தவர், கிண்டலாகவோ பாசமாகவோ, தன் மொந்தையைத் தூக்கிக் காட்டினார். "ஒரு வாய் ஊத்திக்கபா. நிக்கும்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் மொந்தையைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். 'சொல்லு' என்பது மாதிரி ஒரு பார்வை. அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"சாமி எதிர்ல சொல்லிட்டேன்" என்றார் அப்பா கூட்டத்திடம். துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்து மாமாவிடம் நீட்டினார். "வெச்சிக்க மச்சான். நீயே பாத்துக்க." மாமா வாங்கும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கோலை அப்பா அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். அம்மாதான் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சத்தியத்தை அப்பா சாகும் வரை காப்பாற்றினார். கை நிற்கவில்லை. வருடத்துக்கு வருடம் கூடியது. "விட்டும் ஆடுதுன்னா எவ்ளோ குடிச்சிருப்பான் பாத்துக்க" என்றார்கள். என் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது சொம்புத் தண்ணீர் என் புடவையெல்லாம் சிந்தியது. மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "சம்பந்திக்குப் பழக்கம் உண்டு போல" என்றது என் காதில் விழுந்தது. அப்பா காதிலும் விழுந்தது. குடியை விட்டுப் பல வருடமான மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார்.

இதோ, இப்போது என் கைக்கு வருகிறேன். ஒரு வருடமாக எனக்கும் ஆடுகிறது. கோலம் போட்டால் கோடு நெளிகிறது. பேரன்தான் வலுக்கட்டாயமாகத் தண்டலம் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சின்னப் பெண் டாக்டர். கையை நீட்டச் சொன்னாள், வட்டம் போடச் சொன்னாள், டம்ளரில் தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

"உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?"

"எங்க அப்பாவுக்கு இருந்திச்சி. அது வேறம்மா. அவரு குடிப்பாரு. குடிச்சா நிக்கும், இல்லன்னா ஆடும்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அதேதாம்மா இது. குடும்பத்துல வர்ற நடுக்கம். குடியால வர்றதில்ல. இது இருக்கறவங்க பல பேருக்கு, கொஞ்சம் குடிச்சா கொஞ்ச நேரம் ஆட்டம் அடங்கும். அதுக்காக அதை மருந்துன்னு சொல்ல மாட்டோம். மாத்திரை எழுதறேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பேரன் பயந்துவிட்டான், பெரிய நோய் போலிருக்கிறது என்று. அவனுக்கு நான் எதைச் சொல்ல?

அம்மா இன்னும் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், காது தெளிவு, வாயும் குறையவில்லை. மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறதே ஒரு மஞ்சள் கோல், அது அந்த நுணாக்கொம்புதான். கவையில் சுற்றியிருந்த துணி எப்போதோ இற்றுப்போய்விட்டது. இன்று அது பேரனின் கம்பெனி யூனிபாரத்தைத் தாங்குகிறது. எத்தனை வீடு மாறினோம், அதை மட்டும் அம்மா யாரையும் தூக்கிப்போட விடவில்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் பெரிய போராட்டம். இந்த வயதில் அவளுக்கு இது தேவையா என்று ஒரு மனம். அப்பா மேல் இருக்கிற கறையைத் துடைக்க வேண்டாமா என்று ஒரு மனம். நான் யோசித்து முடிப்பதற்குள் அவளே பிடித்துவிட்டாள். மாடியில் வெயில் காய உட்கார்ந்திருந்தவளுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, என் டம்ளரை எடுத்தேன். கை ஆடியது.

"இன்னாடி இது, உங்கப்பன் கை மாதிரி? நீயும் குடிக்கிறியா?"

"இல்லம்மா. அவரும் குடியால ஆடலம்மா" என்றேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். காபியில் ஆடை கட்டிவிட்டது. பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள். டம்ளர் நின்றது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. கொடிக்கு முட்டுக் கொடுத்த அந்தக் கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய்தானே" என்றாள். "நான் வேணான்னு தலையாட்டினா இன்னா? குடிச்சிட்டு சுட்டிருக்கலாம்யா நீ."